இரண்டாம் தளத்தில் பதினொரு மாத்திரை

சம்பூர்ணா மாளிகையில் மனைவியை மனைவி என்று கூப்பிடக் கூடாது. தியாகராய நகரில் ஏழு மாடிக்கு எழும்பி நிற்கும் அந்த ஜவுளிக்கடையின் பதினான்காவது விதி, பணி நேரத்தில் உறவுமுறை இல்லை என்கிறது. ஆண்கள் எல்லோரும் சார். பெண்கள் எல்லோரும் மேடம். அதனால் மூன்றாம் தளத்தில் ஆயத்தச் சட்டை விற்கும் ஹென்றி, இரண்டாம் தளத்தில் பட்டுப்புடவை விற்கும் ஜாஸ்மினை, காலை ஒன்பது மணிக்குப் பின்வாசலைத் தாண்டியதும் மேடம் என்று அழைக்கத் தொடங்குவான். ராத்திரி பஸ் ஸ்டாப்பில்தான் அவள் மறுபடி அவன் மனைவி ஆவாள். கல்யாணமாகிப் பத்து மாதம். அதில் பெரும்பகுதியை அவர்கள் சாரும் மேடமுமாகவே கழித்திருந்தார்கள்.

கடையில் இன்னும் பல விதிகள் உண்டு. செல்போனைக் காலையில் பின்வாசல் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். லிஃப்டில் ஏறக் கூடாது. ஊழியர் கழிப்பறை மொட்டைமாடியில் இருக்கிறது. அதற்குப் போக டோக்கன் வேண்டும். டோக்கன் என்பது உள்ளங்கை அகலப் பித்தளை வில்லை. தளத்துக்கு ஒன்று. நாற்பது பேருக்கு ஒன்று என்றும் சொல்லலாம். போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் திரும்பி வந்து கழற்றும்வரை மற்றவர்களின் வயிறு காத்திருக்கும்.

விற்பனைப் பெண்கள் நின்றுகொண்டே இருக்கிறார்களே என்று சட்டம் ஒன்று வந்தபோது, சம்பூர்ணா மாளிகைதான் முதலில் பணிந்தது. தளத்துக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார்கள். அதில் பட்டுப்பாவாடை கட்டிய பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

ஆடித் தள்ளுபடியின் இரண்டாவது வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலேயே ஜாஸ்மினுக்கு வயிறு சரியில்லை. முந்தின நாள் கடைச் சாப்பாட்டுக் கூடத்தில் போட்ட தயிர்சாதம் காரணமாக இருக்கலாம். சாந்தோமில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில், ஹென்றி ஒரு டம்ளரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு லீவு சொல்லிடு ஜாஸ்மின்."

"ஆடி வெள்ளில லீவு கேட்டா, நாளைக்கு வரவே வேணாம்னு சொல்லிடுவாங்க. மூஞ்சிய அப்டி வெச்சிக்காத. ரெண்டு தடவதானே போனேன்."

"ரெண்டா? நாலு. நான் எண்ணினேன்."

"பொண்டாட்டி பாத்ரூம் போறத எண்ற புருஷன் மெட்ராஸ்லயே நீ ஒருத்தன்தான்," என்று அவள் சிரித்தாள். இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, வழக்கமான காப்ஸ்யூலையும் விழுங்கினாள். கடை கொடுத்த சீருடைப் புடவை வியர்வையை உறிஞ்சாது. நாள் முழுவதும் அதைக் கட்டி நின்றதில் அவள் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்திருந்தது. அதற்குத் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த காப்ஸ்யூல் அது.

ஒன்பதே காலுக்குத் தரைத்தளத்தில் உறுதிமொழி. வாடிக்கையாளர் நகரும்வரை நான் நகர மாட்டேன் என்று முந்நூறு பேர் கைநீட்டிச் சொன்னார்கள். பிறகு ராஜரத்தினம் பேசினார். ஊழியர் நலன் மற்றும் நடமாட்ட ஒழுங்குத் துறையின் மேலாளர் அவர். ஊழியர்கள் நடமாடாமல் இருப்பதுதான் அவர்களுக்கு நலம் என்று கண்டுபிடித்தவர்.

"மற்ற கடைகளில் ஓர் ஊழியர் ஒரு நாளில் நாற்பத்தொரு நிமிடம் காணாமல் போகிறார். எங்கே போகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கடையில் அது வெறும் ஒன்பது நிமிடம். எப்படிச் சாதித்தோம்? கண்டிப்பாலா? இல்லை. அன்பால்!"

அன்பு அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே சிறியதாக மின்னியது. அது ஒரு மாத்திரை.

சென்ற தீபாவளி நெரிசலில் அவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. டோக்கன் வெளியே போயிருக்கும்போது இன்னொருவர் டோக்கன் கேட்டால், தள மேற்பார்வையாளர் அவருக்கு ஒரு மாத்திரை கொடுப்பார். மறுபடி கேட்டால் மறுபடி ஒன்று. அட்டையோடு கொடுத்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள் என்பதால், தையல் பிரிவிலிருந்து கத்தரிக்கோல் வரவழைத்து, ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக வெட்டி வைத்திருந்தார்கள். பெயரில் பாதியும், எத்தனை போடலாம் என்ற வரியும் கத்தரிக்கோலோடு போய்விட்டன. உள்ளே இருந்த விளக்கத் தாளைக் காகிதக் குப்பை என்று ராஜரத்தினமே கழித்துவிட்டார். ஊழியர்கள் அதற்கு அடைப்பான் என்று பெயர் வைத்திருந்தார்கள். அலுவலகக் கடிதங்களில் அதன் பெயர் நல உதவி.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஹென்றி ஒருவருக்கு நாற்பத்திரண்டாம் அளவுச் சட்டை தேடிக்கொண்டிருந்தபோது, துடைப்பக் கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்த கெங்கம்மா அவன் காலடியிலேயே துடைக்க ஆரம்பித்தாள். கடை முழுக்கக் கூட்டித் துடைப்பவள் அவள்தான். எந்தத் தளத்துக்கும் போக அவளுக்கு மட்டும் அனுமதி தேவையில்லை.

"நைனா, கீய போய்ப் பாரு. உன் பொண்டாட்டி மூஞ்சி சுண்ணாம்பு அடிச்சா மாரி கீது."

"இன்னாக்கா சொல்ற?"

"சிரிச்சிக்கினேதான் கீது. ஆனா கண்ணு சொருவுது. வெறசா போ."

ஆண் ஊழியர் பட்டுத் தளத்துக்குப் போக எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். சரக்கு கொண்டுபோனால் மட்டும் வேண்டாம். அவன் ஆறு சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு படியில் ஓடினான். பட்டுத் தளத்தில் சட்டைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சம்பூர்ணா மாளிகையில் சரக்கைக் கேள்வி கேட்பதில்லை.

ஜாஸ்மின் ஒரு புடவையை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். எதிரே மயிலாப்பூரிலிருந்து வந்த கோமளவல்லி மாமி, பெண்ணின் சீமந்தத்துக்கு மாம்பழக் கலர் தேடிக்கொண்டிருந்தார். ஜாஸ்மினின் உதட்டில் கடைச் சிரிப்பு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"மேடம்," என்றான் ஹென்றி.

"சொல்லுங்க சார்."

"உடம்பு எப்டி இருக்கு மேடம்?"

"நெஞ்சுல ஏதோ, வலைல மாட்ன மீன் மாரி துள்ளுது சார். துள்ளுது, துள்ளுது, அப்புறம் சும்மா கிடக்குது. சும்மா கிடக்கும்போதுதான் பயமா கீது." அவள் அப்பா பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக்கிறவர். வலையில் மாட்டிய மீன் எப்படித் துள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"வயிறு?"

"கல்லு. கடைக்கு வந்ததுலேர்ந்து போகவே இல்ல. டோக்கன் கேட்டப்பல்லாம் மாத்திரைதான் வந்துச்சு."

"எத்தினி போட்ட?"

"தெர்ல. இந்த பார்டர் பாருங்க மேடம், அச்சு மாம்பழம்..." என்று மாமி பக்கம் திரும்பியவள், அந்தப் புடவையின் மேலேயே சரிந்தாள்.

சத்தமே இல்லாமல் விழுந்தாள். பட்டு அவளைத் தாங்கிக்கொண்டது. ஹென்றியின் கையிலிருந்த ஆறு சட்டையும் கீழே போயின. அவன் அவள் கன்னத்தைத் தட்டினான். "மேடம்! மேடம்!" என்றான். அந்த நேரத்திலும் நாக்கு விதிப்படியே புரண்டது.

"ஐயோ, பொண்ணு விழுந்துட்டாளே! அந்த நாற்காலிய எடுங்கோ," என்றார் மாமி.

மேற்பார்வையாளர் நீரஜா ஓடி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த பொம்மையைப் பார்த்தாள். "அந்த பொம்மைய நகத்தணும்னா காட்சிப் பிரிவுல கையெழுத்து வாங்கணும் மேடம்."

"கையெழுத்தா? மூச்சு இருக்கான்னு பாருடீம்மா முதல்ல!"

மூச்சு இருந்தது. ஹென்றி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நின்ற அந்த இடைவெளியில் அவனுக்குக் காது அடைத்தது. கடை முழுவதும் ஒலிபெருக்கியில் ஆடிச் சலுகைகளை யாரோ இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ராஜரத்தினம் வந்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் கிடந்தவளை மேலிருந்து ஆராய்ந்தார்.

"பதற்றம் வேண்டாம். இது இயல்பானது. காலையிலிருந்து இவருக்கு வயிற்றுப்போக்கு. போக்கினால் பலவீனம். பலவீனத்தால் மயக்கம். ஆகவே நோய்க்கு மூலம் எது? போக்கு. போக்கை நிறுத்துவது எது?" அவர் சட்டைப் பையிலிருந்து வெட்டிய மாத்திரை ஒன்றை எடுத்தார். "நீரஜா மேடம், தண்ணீர்."

"சார், காலைலேர்ந்தே நெறைய..." என்று நீரஜா முணுமுணுத்தாள்.

"நிறையக் கொடுத்தும் மயக்கம் வந்திருக்கிறது என்றால், போதுமான அளவு கொடுக்கவில்லை என்றுதான் பொருள். நான் இதில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவன்."

ஜாஸ்மின் கண் திறந்தாள். மேலே மேலாளரின் முகம், கையில் மாத்திரை. பழக்கத்தில் அவள் வாயைத் திறந்தாள். மறுக்கவில்லை. குழந்தைகூட மருந்துக்கு முகத்தைத் திருப்பும். அவளுடைய அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும், காலையிலிருந்து ஹென்றிக்குள் இருந்த பயமெல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது. அவன் தன் உள்ளங்கையால் அவள் வாயை மூடினான். மற்றக் கையால் மேலாளர் விரலிலிருந்த மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டான்.

"சட்டைப் பிரிவு சார், என்ன இது?" என்றார் ராஜரத்தினம்.

"என் பொண்டாட்டி சார்," என்றான் ஹென்றி. "இவ என் பொண்டாட்டி."

பட்டுத் தளத்தில் அப்படி ஒரு சொல் அதுவரை ஒலித்ததில்லை. ராஜரத்தினம் உடனே விதி எண்ணைச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றபோது அடுத்த சிக்கல் எழுந்தது. பணி நேரத்தில் ஊழியர் வெளியேற மூன்று துறைகளின் கையெழுத்து வேண்டும். அதில் ஒரு துறைத் தலைவர் காஞ்சிபுரத்துக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தால் முன்வாசல் அடைபடும், ஆடி நேரத்தில் அது நல்ல சகுனம் இல்லை என்று ராஜரத்தினம் கருதினார். "ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கட்டும். நின்றபடியே சாய்ந்து ஓய்வெடுக்கலாம். தூண் இருக்கிறது."

கோமளவல்லி மாமி கைப்பையை இடுக்கிக்கொண்டார். "ஏம்பா, பெரிய பட்டு வாங்கினா கார் வரைக்கும் தூக்கிண்டு வர ஆள் தருவேள் இல்லியோ?"

"கண்டிப்பாக மேடம். அது நம் பாரம்பரியம். உதவி ஆள் என்று பில்லிலேயே குறித்துத் தருவோம்."

"அந்த மாம்பழக் கலரையே போடுங்கோ. உதவி ஆள் ரெண்டு."

பில் வந்தது. புடவை ஒன்று, உதவி ஆள் இரண்டு. ஹென்றி ஜாஸ்மினைத் தோளில் சாய்த்து, பாதி தூக்கியும் பாதி நடத்தியும் படியிறங்கினான். மாமி புடவைப் பையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் போனார். வாசல் காவலர் பில்லையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு பொடவைக்கு ரெண்டு ஆளா மேடம்?"

"ரொம்ப கனமான பொடவைப்பா."

"பொடவ உங்க கைலதான கீது? இவரு அந்தம்மாவத்தான் தூக்கினு வர்றாரு."

"எங்காத்து வழக்கம் அப்படித்தான். பில்லுல எண்ணிக்கை சரியா இருக்கா, பாரு."

எண்ணிக்கை சரியாக இருந்தது. காவலர் பில்லில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்படியாக ஜாஸ்மின் சரக்குக் கணக்கில் உயிரோடு வெளியே வந்தாள்.

மாமியின் கார் கொண்டுபோய் விட்ட அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டர் அஸ்மத்துன்னிசாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அன்று காலையிலிருந்து அவர் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவரை அப்படி நிற்கவைத்தது எந்த விதியும் இல்லை. ஜாஸ்மினின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த ஈசிஜி தாளை வெளிச்சத்தில் பிடித்தவர், பேச்சை நிறுத்தினார். டாக்டர் பேசிக்கொண்டே இருந்திருந்தால் ஹென்றிக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

"என்ன மாத்திரை போட்டாங்க?"

ஹென்றி முஷ்டியைத் திறந்தான். கடையிலிருந்து அதுவரை அவன் கையை விரிக்கவே இல்லை. வியர்வையில் நனைந்த தகட்டில் பாதிப் பெயர் மிச்சமிருந்தது.

"லோப்பரமைடு," என்றார் டாக்டர். "எத்தனை?"

"தெர்ல டாக்டர். நெறையன்னு சொன்னாங்க."

"நெறையன்னா? அஞ்சா, பத்தா, இருவதா? எனக்கு நம்பர் வேணும். வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ஆன்டிபயாடிக், அசிடிட்டி மாத்திரை, இதயத்துக்கு, தோலுக்கு..."

"தோலுக்கு ஒரு காப்ஸ்யூல், டாக்டர். படர்தாமரைக்கு. ஒரு மாசமா. காலைலகூட போட்டா."

டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். "மானிட்டர் போடுங்க. மக்னீசியம் ரெடி பண்ணுங்க." பிறகு ஹென்றியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது நல்ல மாத்திரைதான். பெரியவங்க ஒரு நாளைக்கு நாலுக்கு மேல சொந்தமா போடக் கூடாது. எட்டு வரைக்கும் போகலாம், ஆனா அது டாக்டர் பாத்து சொன்னாத்தான். காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் போனாலோ தொடவே கூடாது. சின்னக் குழந்தைக்குக் குடுக்கவே கூடாது. அளவு மீறினா குடல் மட்டும் நிக்காது. இதயத்தோட தாளமும் தப்பும். அந்தத் தோல் காப்ஸ்யூல் இருக்கே, அது இந்த மாத்திரைய உடம்புலேர்ந்து வெளிய போகவிடாது. ரெண்டும் சேர்ந்தா பத்து மாத்திரை இருவது மாதிரி வேலை செய்யும். உப்பு சர்க்கரைத் தண்ணி குடிச்சுட்டு வீட்ல படுத்திருந்தா நாளைக்கே சரியாப் போயிருக்கும்."

"கலக்கி வெச்சேன் டாக்டர். குடிக்க நேரமில்லன்னு வந்துட்டா."

"எண்ணிக்கைய கேட்டுச் சொல்லுங்க. சீக்கிரம்."

மாமியின் செல்போனில் ஹென்றி கடைக்குப் பேசினான். ஆடிச் சலுகைக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. பட்டு ரகங்களுக்கு இரண்டு. குறைகளுக்கு ஒன்பது. ஒன்பதை அழுத்தினால் மறுபடி ஆடிச் சலுகையைச் சொன்னது. நான்காம் முறை ராஜரத்தினம் கிடைத்தார்.

"சார், ஜாஸ்மினுக்கு எத்தினி மாத்திரை குடுத்தீங்கன்னு டாக்டர் கேக்கறாங்க."

"மாத்திரையா? நம் கடையில் மாத்திரை கொடுப்பதில்லையே. நல உதவி வழங்குகிறோம்."

"சரி சார், நல உதவி எத்தினி?"

"அது ஊழியரின் தனிப்பட்ட விவரம். வெளியாருக்குச் சொல்ல முடியாது."

"நான் அவ புருஷன் சார்!"

"விதி பதினான்கின்படி, பணி நேரம் முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது," என்றார் அவர். இணைப்பு துண்டானது.

திரைக்குப் பின்னால் மானிட்டர் ஒலி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. திடீரென்று தடுமாறியது. நர்ஸ்கள் ஓடினார்கள். யாரோ திரையை இழுத்து மூடினார்கள். ஹென்றி சுவரைப் பிடித்துக்கொண்டான். ஜெபம் சொல்ல நினைத்தான், அருள்நிறைந்த மரியே என்பதற்கு மேல் வரி எழவில்லை. மாமி அவன் முதுகைத் தடவிக்கொண்டே தனக்குத் தெரிந்த ஸ்லோகம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலி மறுபடி சீரானதும் இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

செல்போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால் நீரஜா. பில் போடும்போது மாமி கொடுத்த எண்ணைப் பார்த்து, பில் கவுன்ட்டர் போனிலிருந்து கூப்பிட்டிருந்தாள். மேஜைக்கடியில் குனிந்து பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஹென்றி, பதினொண்ணு. நான்தான் குடுத்தேன். ஒவ்வொண்ணா நான்தான் கைல வெச்சேன். கடைசி மாத்திரை ரெண்டரை மணிக்கு."

"சரிங்க மேடம்."

"மேடம்னு கூப்டாதப்பா. அவளுக்கு எப்டி இருக்கு?" பதிலுக்கு முன்னாலேயே அவள் அழுதாள். "நானும் காலைலேர்ந்து ஆறு போட்டிருக்கேன் ஹென்றி. டோக்கன் குடுக்கறவளே நான்தான். அத நானே மாட்டிக்கினு போனா மத்தவங்க இன்னா நெனைப்பாங்க? எனக்கு இப்போ தலை சுத்துது. எனக்கும் ஏதாவது ஆயிடுமா?"

டாக்டர் அஸ்மத்துன்னிசா செல்போனை வாங்கினார். "இன்னும் ஒண்ணுகூட போடாதீங்க. யார் யாரெல்லாம் நாலுக்கு மேல போட்டாங்களோ எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே இங்க வாங்க."

அன்று மாலை சம்பூர்ணா மாளிகையில், ஊழியர்கள் காதோடு சொன்ன சேதியைக் கேட்டு, ஒரு கைக்குட்டைக்கும் இரண்டு உதவி ஆள் கேட்ட வாடிக்கையாளர்கள் எதிர்பாராத அளவில் பெருகினார்கள். பார்க்கிங் வரை பை தூக்கிப் போன ஊழியர்கள் திரும்பவில்லை. ஏழு மணிக்கு அவசரப் பிரிவின் தாழ்வாரம் முழுவதும் அரக்குக் கலர் சீருடை. இருபத்தாறு பேர். நெஞ்சில் கை வைத்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவர்களுக்கு எதிரே மூன்று நீள பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

"உக்காருங்களேன்," என்றார் நர்ஸ். யாரும் அசையவில்லை. நீரஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பட்டுப் பிரிவு, உக்காருங்க," என்றாள். பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

நான்கு பேருக்கு இதயத் தாளம் சரியில்லை என்று அன்றே சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் நீரஜாவும் ஒருத்தி.

ஜாஸ்மினின் தாளம் சனிக்கிழமை முழுவதும் போவதும் வருவதுமாக இருந்தது. ஹென்றி மானிட்டரில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணை எடுத்தால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. அவன் தூங்கட்டும் என்று கெங்கம்மா வந்து, "நான் பாத்துக்கினு கீறேன் நைனா, கோடு எங்கயும் ஓடிடாது," என்று அவனைத் தள்ளிப் பார்த்தாள். அவன் போகவில்லை. ஞாயிறு சாயங்காலம் டாக்டர் ஈசிஜி தாளை அவன் கையிலேயே கொடுத்து, "பாருங்க, நீண்டு போயிருந்த கோடு சுருங்கிடுச்சு. இனி பயமில்ல," என்றார். கோட்டில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை ராஜரத்தினம் வந்தார். ஒரு கையில் பூங்கொத்து. இன்னொரு கையில் கண்ணாடிக் கேடயம்.

"ஜாஸ்மின் மேடம், நிர்வாகம் உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணி நேரம் ஐம்பது நிமிடம் நீங்கள் தளத்தைவிட்டு ஒரு முறைகூட நகரவில்லை. மயங்கியதுகூடப் பிரிவுக்குள்ளேயேதான். இந்த மாதத்தின் நகராத நட்சத்திரம் நீங்கள்தான்." கேடயத்தைக் கட்டிலின் மேல் வைத்தார். அதன் கீழே ஒரு தாள் இருந்தது. "இதில் ஒரு கையெழுத்து மட்டும்."

ஹென்றி தாளைப் படித்தான். மாத்திரைகளைத் தன் சொந்த விருப்பத்தில் உட்கொண்டதாக ஜாஸ்மின் ஒப்புக்கொள்ள வேண்டுமாம்.

"நீங்க குடுத்ததுதானே சார்?"

"நம் கடையில் மாத்திரை என்று ஒன்று கிடையாது. கிடையாத ஒன்றை இவர் பதினொரு முறை விழுங்கியிருக்கிறார் என்றால், அது தனிப்பட்ட ஆர்வம் இல்லாமல் வேறென்ன?"

டாக்டர் அஸ்மத்துன்னிசா அப்போது உள்ளே வந்தார். "நீங்கதான் அந்த மேனேஜரா? மருந்தோட பக்கவிளைவுன்னு இருபத்தேழு பேருக்கும் ரிப்போர்ட் எழுதி அனுப்பிட்டேன். தொழிலாளர் துறைக்கும் ஒரு காப்பி போயிருக்கு."

"அதில் கடையின் பெயர் வருமா?" ராஜரத்தினத்தின் குரல் இறங்கியது.

"வரும்."

அவர் டாக்டரை ஓரமாக அழைத்தார். ஓரம் என்றாலும் அந்த வார்டில் எல்லாம் காதில் விழும். "டாக்டர், நிர்வாகக் குழுக் கூட்டங்கள் நீளமானவை. நடுவில் எழுந்து போனால் மரியாதை இல்லை. நானும் மூன்று ஆண்டுகளாக, தினம்... நான்கைந்து. படியேறினால் படபடக்கிறது. அது வயதினால்தானே?"

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "ஈசிஜி ரூம் வெளிய எடது பக்கம். வரிசைல நில்லுங்க. இல்ல, உக்காருங்க."

ராஜரத்தினம் அப்போதுதான் முதல் முறையாகப் பயந்தவராகத் தெரிந்தார். ஆனாலும் அவர் போகவில்லை. தாளில் கையெழுத்து வாங்காமல் போனதில்லை அவர்.

கட்டிலில் ஜாஸ்மின் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றில் கை வைத்தாள். மூன்று நாளாகக் கல்லாக இருந்த வயிறு அசைந்துகொடுத்தது. அவள் முகத்தில் ஒரு வியப்பு வந்தது.

"எனக்குப் போகணும்," என்றாள்.

கணவனிடமோ டாக்டரிடமோ அவள் அதைச் சொல்லவில்லை. அவள் பார்வை நேரே ராஜரத்தினத்திடம் போய் நின்றது. அவரும், இதயம் படபடத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் வந்துவிடுங்கள் மேடம்," என்றார்.

ஹென்றி அந்தத் தாளை எடுத்து மேலாளரின் கையில் மடித்து வைத்தான். குளுக்கோஸ் பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ஜாஸ்மினிடம் நீட்டினான். இருவரும் கட்டில்களுக்கு நடுவே மெதுவாக நடந்தார்கள்.

கழிப்பறைக் கதவு சாத்திக்கொண்டது. ட்யூப் நீளமாக இருந்ததால் அவன் வெளியில் நின்றபடியே பாட்டிலைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. நேரம் போனது. உள்ளே சத்தமில்லை. அவனுக்கு மறுபடி பயம் பிடித்தது.

"ஜாஸ்மின்?"

அவன் கதவைத் தட்டினான்.

"ஜாஸ்மின்! இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல," என்றது உள்ளிருந்து அவள் குரல். "சும்மா உக்காந்துக்கினு கீறேன்."

"சரி, உக்காரு," என்றான் அவன். கை வலித்தது. பாட்டிலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.